மாமா எக்செல் படித்த கதை

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்றால் தாராளமாகச் சொல்வேன். குடிக்க மாட்டார். வீட்டில் கை ஓங்க மாட்டார். அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார். யாராவது தங்கள் சாப்பாட்டு டப்பாவை அவருடைய இடத்தில் வைத்துவிட்டுப் போனால், அதை ஓரமாக நகர்த்தக்கூடச் சங்கடப்பட்டு, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிற ரகம். அப்பேர்ப்பட்ட உத்தமர்தான் எங்கள் வீட்டுத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். அயோக்கியனாக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் பண்ணியிருக்க மாட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே லாண்டரியில் வேலை பார்த்தோம். தெருமுனைக் கடை இல்லை, பெரிய லாண்டரி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்குத் துணி லாரி லாரியாக வந்து இறங்கும். வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவோம். மாமா தேய்ப்பு ரோலரில். அக்கா மடிப்பு மேசையில். நான் ஆபீஸில், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மூட்டை போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. தங்குவதும் அவர்கள் வீட்டில்தான். என்னைக் கட்டியவன் இன்னொருத்தியோடு கிளம்பிப் போனபோது, வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே சூட்கேசையும் தூக்கிக்கொண்டு போனான். நான் துணிப்பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முன்னறையில் நானும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் படுப்போம். உள்ளறை அவர்களுக்கு.

ரோலர் என்றால் ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. ஈரம் போகாத படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து அதன் வாயில் கொடுத்தால், மறுபக்கம் அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். மாமா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதன் முன்னால்தான் நின்றார். ஒருநாள் விரிப்பின் முனை மடங்கிக்கொண்டது. மற்றவர்கள் என்றால் மிஷினை நிறுத்திவிட்டுச் சரி செய்வார்கள். நிறுத்தினால் உள்ளே இருக்கிற துணி தீய்ந்துபோகுமே, அது ஆஸ்பத்திரிக்காரன் துணியாயிற்றே என்று இவர் ஓடுகிற மிஷினில் விரலால் நீவிவிட்டார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மோதிர விரலில் பாதி போனது.

கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த அன்றே பட்டப்பெயர் தயாராக இருந்தது. பத்தில் இரண்டரை போனால் மிச்சம் எவ்வளவு? "ஏழரை வந்துடுச்சுடோய்!" என்று வெளுப்புப் பகுதியிலிருந்து ஒருவன் குரல் கொடுக்க, மடிப்பு மேசை வரைக்கும் சிரிப்பு ஓடியது. ஒரு மனுஷனுக்கு விரலும் போய், மிச்சம் இருக்கிற விரலை எண்ணி அபசகுனமாக ஒரு பெயரும் வைத்தால் எப்படி இருக்கும்? அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு அதுதான் ஆத்திரம். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த துவாலையை உதறி மடித்துக்கொண்டே, சிரித்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டார். வருகைப் பதிவு பார்த்த பெண் வேலையை விட்டுப் போயிருந்ததால், என் மேசைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"ரோலருக்கு இனிமே நீங்க ஆக மாட்டீங்க. இந்தக் கைய வச்சுக்கிட்டு மடிக்கவும் முடியாது," என்றார் மேனேஜர். "கம்ப்யூட்டர் கத்துக்குங்க. மாசக் கடைசிக்குள்ள வருகைப் பதிவ எக்செல்ல யார் துணையும் இல்லாம போட்டுக் காட்டினா, அந்த நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா என்ன பண்றது, வீட்ல ரெஸ்ட் எடுங்க. உங்க மச்சினி பக்கத்துலதானே இருக்காங்க, சொல்லிக் குடுப்பாங்க."

ரெஸ்டாம். ரோலர் தின்ற விரலுக்கு ஈடாக அவர் கொடுக்க நினைத்தது ஒரு நாற்காலி, அதையும் பரீட்சை வைத்துக் கொடுக்கிறார். மாமா அதற்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் ஆரம்பித்தோம். வாழ்நாள் முழுக்க பெட்ஷீட்டோடு மாரடித்த மனுஷன், கம்ப்யூட்டரிலும் ஷீட்தான் என்றதும் கொஞ்சம் தெம்பானார். பாவம். வலது கையில் மௌஸ் நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினேன். அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடிப் போய் ஒளிந்துகொள்ளும். இவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

"மாமா, கீழ ஏன் தேடறீங்க?"

"விழுந்திருக்குமோன்னு பார்த்தேன்மா."

எதிர் மேசைக் கணக்கர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஆளுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாது. தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து, மாமாவின் ஷீட்டைத் திறந்து முதல் கட்டத்தில் "ஏழரை" என்று அடித்து வைத்துவிடுவார். மாமா வந்து உட்கார்ந்ததும் அதை அழிப்பார், பிறகுதான் வேலையை ஆரம்பிப்பார். யார் செய்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த ஒரு கட்டத்தை அழித்து அழித்தே எழுத்தை அழிப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டார்.

மேலிருந்து கீழே போவது பத்தி, இடமிருந்து வலமாகப் போவது வரி, ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வரியில் முதலில் டோக்கன் நம்பர், அடுத்தது பெயர், அடுத்தது சேர்ந்த தேதி, கடைசியில் எடுத்த லீவு. ஒருநாள் தேதியை அடித்தவுடன் கட்டம் முழுக்கக் கம்பிக் கம்பியாகக் குறி வந்துவிட்டது. பத்தி குறுகலாக இருந்தால் அப்படித்தான் காட்டும். ஓரத்தைப் பிடித்து அகலமாக இழுத்துவிட்டால் தேதி தெரியும். மாமாவுக்கு அது எப்படித் தெரியும்? நான் லாரி மேடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மாமா?"

"கம்பி போட்டு மூடிடுச்சும்மா," என்றார் மெதுவாக. "நான் ஏதோ தப்பா அடிச்சுட்டேன் போல. மேனேஜர் கிட்ட சொல்லிடாத."

இழுத்துக் காட்டினேன். தேதி தெரிந்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கர் "உள்ள இருந்தவருக்கு ஜாமீன் கிடைச்சுடுச்சு" என்று ஆபீஸுக்கே அறிவித்தார்.

கூட்டல் சொல்லிக் கொடுத்தது இன்னொரு கூத்து. சமக்குறி போட்டு, சூத்திரம் எழுதி, எங்கேயிருந்து எங்கே வரைக்கும் என்று காட்டினால் அதுவே கூட்டிவிடும். கூட்டியது. மாமா நம்பவில்லை. கால்குலேட்டரை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை, கடைசியிலிருந்து முதல் வரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"அதான் சரியா வந்திருக்கே மாமா, இன்னும் என்ன சந்தேகம்?"

"கைய எடுத்ததும் மிஷின்தானே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

எனக்கும் பொறுமை அதிகமில்லை. எத்தனையோ நாள் அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனால் அக்கா என்னைத்தான் பிடித்துக்கொள்வாள். "அவர் மெதுவா கத்துக்கறவர்டி. நீ வெடுக்கு வெடுக்குன்னு பேசினா அவருக்கு எல்லாம் மறந்துடும். அந்த நாற்காலி போச்சுன்னா நாம அஞ்சு பேரும் என்ன பண்றதுன்னு யோசிச்சியா?" என்பாள். நாம் ஐந்து பேர் என்றாள், கவனியுங்கள். நானும் அதில் சேர்த்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசியில் மேனேஜர் பின்னால் வந்து நிற்க, மாமா இரண்டு கையிலும் மிச்சமிருந்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, வருகையைப் போட்டு, கூட்டிக் காட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பரவாயில்லையே!" என்றார் மேனேஜர். நாற்காலி கிடைத்தது. அக்கா மறுநாள் மாமாவின் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். நாள் முழுக்க அடுத்தவர் துணியோடு கிடக்கிறவள், வீட்டுத் துணியைத் தேய்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மடிப்பு மேசையில் "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருக்கார்" என்று நாளைக்கு நாலு தடவை சொன்னாளாம்.

அடுத்தடுத்த மாதங்கள் ஒழுங்காகப் போயின. பிறகு ஒரு பெரிய மிஷின் வந்து இறங்கியது. அது தானே விரிப்பை மடிக்கும். மடிப்பு மேசைக்காரிகள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆள் குறைப்பு வரும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்த வாரம்தான் மேனேஜர் மாமாவிடம் வந்தார்.

"எல்லார் பேரையும் அகர வரிசையில போட்டு அனுப்புங்க. டோக்கன் வரிசையில இருந்தா ஆளத் தேட முடியல."

நான் அப்போது லாரி மேடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா தனியாகவே செய்தார். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தார், அடுக்கு என்றார். எக்செல் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அவரிடம் கேள்வி கேட்டது: பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து அடுக்கவா, அல்லது இதை மட்டுமா? மாமா எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். யோசித்திருக்கிறார். இதை மட்டும் என்று தட்டியிருக்கிறார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று லாண்டரியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடிப்பு மேசையில் தலையணை உறை ஓர் அடுக்கு, விரிப்பு ஓர் அடுக்கு, துவாலை ஓர் அடுக்கு. உறை அடுக்கைக் கலைத்து அளவுப்படி திருப்பி வைத்தால், பக்கத்து அடுக்கு தன் பாட்டுக்கு இருக்கும். தப்பித்தவறி அதில் கை பட்டால் அந்த அடுக்குக்காரி கடித்துக் குதறிவிடுவாள். மாமாவுக்குப் பத்தி என்றால் அடுக்கு. பெயர் அடுக்கை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள், ஒழுங்குபடுத்தினார். லீவு அடுக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அதைத் தொட இவர் யார்?

பெயர்கள் எல்லாம் இடம் மாறின. டோக்கன் நம்பரும் லீவும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் எடுத்த லீவு இன்னொருவர் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்துகொண்டது. மாமா சேமித்தார், மேனேஜருக்கு அனுப்பினார், மூடினார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு யாரையும் கேக்காம நானே பண்ணிட்டேன்," என்று அக்காவிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை விரல் போன பிறகு நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே கேட் பக்கத்துப் பலகையில் இரண்டு தாள் ஒட்டினார்கள். ஒன்றில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஊழியர் என்று ஒரு படம். படத்தில் இருந்தவனுக்குப் பட்டப்பெயர் அமாவாசை, மாதத்துக்கு ஒரு தடவைதான் தலை தெரியும் என்பதால். அன்றைக்கும் அவன் வரவில்லை. அவன் படத்தைப் பார்த்து ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரண்டாவது தாளைப் படித்ததும் சிரிப்பு நின்றது. அதிகம் லீவு எடுத்தவர்கள் பன்னிரண்டு பேர் பெயர் அகர வரிசையில், வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது என்று போட்டிருந்தது.

முதல் பெயர் அலாரத்துடையது. வெளுப்புப் பகுதியில் இருக்கிற வயசானவர். கேட் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார், அதனால் அந்தப் பெயர். அவர் தாளில் விரலை வைத்துத் தன் பெயரைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

"நானா? நானா லீவு போட்டேன்? எங்கம்மா செத்தன்னிக்குக்கூட காலையில எடுத்துட்டு, மத்தியான ஷிப்டுக்கு வந்துட்டேனே!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டார். யார் பதில் சொல்வது? அவரவர் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது பெயர் அக்காவுடையது.

அன்று வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் எப்பங்க லீவு போட்டேன்? ஜுரத்தோட போய் நின்னவ நான். நீங்கதானே கணக்கு வைக்கறீங்க, சொல்லுங்க!" என்று அக்கா கத்தினாள்.

"ஷீட்ல அப்படித்தான் இருக்கு," என்றார் மாமா. "நான் கூட்டிப் பார்த்தேன். மிஷின் பொய் சொல்லாதும்மா."

எப்போது நம்பக் கூடாதோ அப்போது நம்பக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அக்காவின் பெயருக்கு நேரே இருந்தது அக்காவின் டோக்கன் இல்லை. அமாவாசையின் டோக்கன். என் பெயருக்கு நேரேயும் வேறு யாருடையதோ. 

"மாமா, நீங்க பேர மட்டும் அடுக்கினீங்களா?"

"பேரத்தானே அடுக்கச் சொன்னாங்க."

விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "அந்த வளைஞ்ச அம்பு இருக்கே, அதத் தட்டினா பழையபடி வந்துடாதா?" என்றார். மூடிவிட்டால் அது வராது என்றேன். அவர் அந்த அரை விரலால் மேசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

நான் கேட்டில் போய் எல்லோருடைய வருகை அட்டைகளையும் வாங்கி வந்து, மத்தியானத்துக்குள் சரியான ஷீட் ஒன்றைப் போட்டு முடித்தேன். அக்கா நல்ல இடத்தில் இருந்தாள். அலாரத்துக்கு ஒரு லீவுகூட இல்லை. அமாவாசை போக வேண்டிய வரிசையில் முதலில் நின்றான். தாளை எடுத்துக்கொண்டு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். மேனேஜர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னிடம், "நீங்க போங்கம்மா, லாரி நிக்குது பாருங்க," என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தம் கேட்கவில்லை. மேனேஜர் உட்கார்ந்தபடி பேசினார்; மாமா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா பேர எடுத்துடலாம்னுட்டார்."

"அலாரம்?"

"அவர் போய்த்தான் ஆகணுமாம். லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிடுச்சு. ஒரு பேர் மாறினா எழுத்துப் பிழைன்னு சொல்லிக்கலாமாம். பன்னெண்டும் மாறினா யார் தப்புன்னு கேப்பாங்களாம். அப்புறம் என் நாற்காலியும் போயிடும், அவரோடதும் போயிடும்."

"அடப்பாவி! அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்?" என்றேன். என்றேனே தவிர, அக்கா பிழைத்தாள் என்ற நிம்மதியில் எனக்கு அதற்கு மேல் கோபம் வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் கேட்காமலேயே அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அலைந்து திரிந்து காரியத்தை முடித்தேன் என்று வைக்கிறாள் என நினைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒருத்தர் வரிய எடுத்துட்டு, அதே எடத்துல இன்னொருத்தர் வரிய வைக்கணும்மா. டோக்கன், பேரு, தேதி, லீவு எதுவும் கலையக் கூடாது. எப்படி?"

"பன்னெண்டு குறையக் கூடாதா? யாரையாவது போட்டு நிரப்பணுமா?"

"ஆமா."

"அமாவாசையத்தானே? போடுங்க போடுங்க, அவன் பேர நானே அடிச்சுத் தரேன்," என்று சிரித்தேன். மாமா சிரிக்காமல் மௌஸை இடது கையில் எடுத்துக்கொண்டார். யாரைப் பற்றியும் குறைவாகப் பேசாத மனுஷன் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். பெயர்க் கட்டத்தில் தட்டாதீங்க மாமா, இடது ஓரத்தில் இருக்கிற வரி நம்பரில் தட்டுங்க. அப்போதுதான் வரி முழுக்க நிறம் மாறும், ஆள் முழுசாக வருவார். வெட்டுங்க. போக வேண்டிய இடத்தின் நம்பரில் போய் வலது பக்கப் பொத்தானைத் தட்டிச் செருகுங்க. வேறொரு ஷீட்டில் செய்து பார்க்கச் சொன்னேன். முதல் தடவையிலேயே செய்துவிட்டார். "அடேயப்பா, இப்பதான் நீங்க நெஜமாவே கத்துக்கிட்டீங்க!" என்றேன். அத்தனை மாதத்தில் நான் அவரை மனசாரப் புகழ்ந்தது அன்று ஒரு தடவைதான். லாரி வந்துவிட்டது, நான் எழுந்து போனேன்.

வெள்ளிக்கிழமை கடிதங்களை வருகைப் பதிவாளரே கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாமா உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகப் போய் வந்தார். அலாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியாக, மடிப்பு மேசைக்காரிகள் வீட்டுக்குப் போன பிறகு, ஆபீஸுக்குள் வந்தார். கணக்கர் மேசையைத் தாண்டினார். என் மேசையில் ஓர் உறையை வைத்துவிட்டு, தன் நாற்காலிக்குப் போய்த் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பிரித்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. என் பெயர், என் டோக்கன், நான் சேர்ந்த தேதி, நான் எடுத்த கொஞ்ச நஞ்ச லீவு, எல்லாம் ஒரே வரியில், ஒரு பிசகும் இல்லாமல்.

தாளை மடித்து உறைக்குள் திரும்பச் செருகினேன். கணக்கர் எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா எனக்கு முன்னாலேயே வந்து அடுப்பில் உலை வைத்திருந்தாள். மாமா பின்னாலேயே வந்து, உள்ளறை வாசலில் நின்றார். நான் உறையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீங்களா மாமா என் வரிய எடுத்து வச்சீங்க? நான் சொல்லிக் குடுத்த மாதிரியே?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்காதான் பேசினாள்.

"அவர ஏன்டி கேக்கற? அவர் ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல. நான்தான் உன் பேரச் சொன்னேன்."

"நீயா?"

"ஒரு பேர நீயே சொல்லுன்னு மேனேஜர் இவர் தலையில கட்டிட்டார். அமாவாசை வேண்டாமாம், படம் போட்டு மாட்டியாச்சாம். வேற யார் பேரச் சொல்ல முடியும்? வேற எவளா இருந்தாலும் கேட்ல நின்னு கத்துவா. தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு தோண்டுவா. இவர் நாற்காலி போயிடும். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ கத்த மாட்ட." அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உனக்கு என்னடி, ஒத்த வயிறு. இங்கதானே இருக்கப் போற? நான் சோறு போடாம விட்டுடுவேனா?"

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ள வேண்டும் போல இருந்தது. வீடு அவளுடையது. தள்ளினால் தெருவில் நிற்கப் போவது நான். அவள் சொன்ன கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதேன். அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு மாமா பக்கத்தில் வந்து குந்தினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் முகத்தில் துப்புவது என்று தயாராக இருந்தேன்.

"திங்கக்கிழமையிலேருந்து உன் வேலையையும் என்னையே பாக்கச் சொல்லிட்டாங்கம்மா," என்றார்.  "ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மூட்டைக் கணக்கு தனித்தனியா மொத்தம் வருதே... அது எனக்கு வராது. தெரியலைன்னா அன்னிக்கே எழுந்திரிச்சுப் போன்னுடுவார் மேனேஜர்."

அக்காவின் கை அடுப்படியில் அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளையின் நோட்டைப் பிடுங்கித் தரையில் விரித்தேன். கட்டம் போட்டேன். மேலே ஆஸ்பத்திரிப் பெயர், கீழே மூட்டை, எந்தப் பெயர் வந்தால் எதைக் கூட்டு என்று எக்செல்லுக்கு எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் புரியவில்லை. எரிந்து விழாமல் மறுபடியும் ஆரம்பித்தேன். அந்த நாற்காலியும் போய்விட்டால், எனக்குச் சோறு போடுகிறேன் என்றவள் எதை வைத்துப் போடுவாள்?